துருவுக்கு முந்தைய நாள்

இரும்பு துருப்பிடிப்பதைப் படம் எடுப்பது என் பிழைப்பு. ஒரகடத்தில், வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மூடி போட்ட நீளமான தொட்டி ஒன்று உண்டு. சால்ட் ஸ்ப்ரே சேம்பர் என்போம். லிட்டருக்கு 50 கிராம் உப்பு கரைத்த தண்ணீர், 35 டிகிரி சூடு, ராத்திரி பகல் ஓயாமல் இறங்கும் உப்புச் சாரல். பிராக்கெட், போல்ட், பெயிண்ட் அடித்த தகடு என்று எது வந்தாலும் அதற்குள் சாய்த்து நிறுத்திவிடுவோம். பெயிண்ட் தகடு என்றால் அடி இரும்பு தெரிகிற ஆழத்துக்குக் கத்தியால் ஒரு கீறலும் போடுவோம். 1939-லேயே அமெரிக்காவில் தரவிதி எழுதப்பட்ட பழைய சோதனை இது. கடல் எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். ஆனாலும் வல்லம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கமெல்லாம் சின்னச் சின்னக் கடல்கள் தொட்டிக்குள் பெய்துகொண்டே இருக்கின்றன.

குறித்த மணி ஆனதும் சாம்பிளை வெளியே எடுத்து, கழுவி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் படம் எடுப்போம். துத்தநாகப் பூச்சு போட்டது என்றால் முதலில் வெள்ளைத் துரு வரும். பூச்சு தீர்ந்து உப்பு இரும்பைத் தொட்டுவிட்டால் சிவப்பு. அந்தச் சிவப்பு எத்தனையாவது மணியில் தலைகாட்டியது என்பதுதான் மொத்த ரிப்போர்ட்டும். அதனால் சாம்பிள் எண், பூச்சின் வகை, மணிக்கணக்கு, ஸ்கேல் நான்கும் இல்லாத படத்தை ஆடிட்டில் ஏற்க மாட்டார்கள். துரு எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தாலும் சரிதான். ஒரே அளவு சிவப்பு, 96 மணியில் வந்தால் பூச்சு போட்டவர் பதில் சொல்ல வேண்டும். 720 மணியில் வந்தால் அவரைப் பாராட்ட வேண்டும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

விடுமுறை நாளிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு துருவைத் தேடிப் போகிறவள் நான். கூடத்தில் எடுக்கும் துரு ஒரு உள்ளங்கை அகலம். அதையே கப்பல் அளவில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எப்போதோ பிடித்துக்கொண்டது. தரைதட்டிய கப்பல்கள் நம் கரையில் நெடுநாள் தங்குவதில்லை. இழுத்துப் போய்விடுவார்கள், இல்லை வெட்டிவிடுவார்கள். அதனால் பெரும்பாலும் சென்னை காசிமேட்டுக்குத்தான் போவேன். பழுதுபார்க்கக் கரையேற்றியிருக்கும் விசைப்படகுகளுக்குப் பின்னால், இனிக் கடலுக்குப் போகாத இரும்புப் படகு ஒன்றாவது சாய்ந்து கிடக்கும்.

அந்த இரும்பைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். அடிப்பாகம் அவ்வளவாகக் கெட்டிருக்காது, எப்போதும் தண்ணீருக்குள் இருந்தது, ஆக்சிஜன் குறைவு. மேல்தட்டு வெயிலில் காய்ந்துவிடும். அலை ஏறி இறங்குகிற நடுப்பட்டை இருக்கிறதே, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அங்கேதான் அரிப்பு தன் முழு வேகத்தையும் காட்டும். புதுத் துரு செம்மஞ்சள் தூள், விரல் பட்டாலே ஒட்டும். அதன்கீழ் பழுப்பு. பழுப்புச் செதிலை நகத்தால் பெயர்த்தால் உள்ளே கன்னங்கரேலென்று ஒரு படலம். காந்தத்தைக் கொண்டுபோனால் இழுக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளித்து எழும்புகிறது, தகடு ஏடு ஏடாகப் பிரிகிறது, போல்ட்டின் தலை தெறித்து விழுகிறது. பழைய நீலப் பெயிண்ட்டின் மேல் செம்மஞ்சள் ஒழுகி இறங்கிய ஒரு தகட்டின் முன்னால் நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அது அழகு. அதை அழகில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆனால் அந்த அழகுக்குப் படம் எடுக்கிற நாங்கள் வைக்கும் பெயரில்தான் எனக்குச் சிக்கல். சிதைந்த கப்பல், பாழடைந்த பங்களா, கைவிட்ட ஆலை என்று எதைப் படம் எடுத்தாலும் கீழே ‘காலம்’ என்று எழுதிவிடுவோம். காலத்தின் கைவண்ணம், காலம் விழுங்கிய கப்பல், காலத்தின் முன் எதுவும் நிலைக்காது. இந்தப் பேச்சு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, காசிமேட்டில் ஒரு வெல்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை.

“இன்னாமா, இத்தப் போயி இம்மா நேரமா போட்டோ புடிச்சினுகீற?”

“கலர் நல்லா இருக்குண்ணா.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு படகின் பின்பக்கம் கூட்டிப்போய், சுக்கானுக்கு அருகே தகட்டில் தெரிந்த ஒரு நீள்சதுரத் தழும்பைக் காட்டினார். “இத்தப் பாரு. ஜிங்க் கட்டி இருந்த எடம். கரைஞ்சி போச்சின்னா வேற போடணும். மொதல்ல அத்த நிறுத்திட்டாங்கோ. அப்பால பெயிண்ட்டு. அப்பால என்னிய கூப்புடறதயே வுட்டுட்டாங்கோ.”

தகட்டில் எந்த ஒட்டு தான் போட்டது, எது வேறு ஆள் போட்டது என்றும் விரல் வைத்துக் காட்டினார். ஒட்டின் ஓரத்தில் அரிப்பு எந்தப் பக்கம் முதலில் ஆரம்பித்தது என்று அவர் சொன்ன விதம், எங்கள் கூடத்தில் கீறலின் ஓரத்தை நாங்கள் அளப்பதைவிடத் துல்லியமாக இருந்தது. படகுக்காரர் வாங்கிய கடன், ஏறிக்கொண்டே போன டீசல் விலை, மீன் குறைந்தது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தே வந்தன அவர் பேச்சில்.

ஜிங்க் கட்டி என்று அவர் சொன்னது துத்தநாகத்தை. கப்பலின் உடம்பில் இரும்போடு சேர்த்துத் துத்தநாகத்தைப் பொருத்திவிட்டால், கடல்நீர் இரும்பை விட்டுவிட்டு முதலில் துத்தநாகத்தைக் கரைக்கும். 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பாற்ற இந்த வழியைத்தான் சொன்னார். கரைகிற வரைக்கும் காவல். கரைந்ததும் வேறு கட்டி வைத்தால் காவல் தொடரும். இருநூறு ஆண்டாக இவ்வளவுதான் விஷயம். ஆக, அந்தப் படகின் துருவுக்கு ஒரு தொடக்க நாள் இருக்கிறது. கட்டி கரைந்து முடிந்து, மாற்ற ஆள் வராத நாள். காலம் அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துரு வரவில்லை.

நாம் பார்க்கும் துருவில் பெரும்பகுதி காலம் செய்ததல்ல, கவனிப்பு நின்றதால் வந்தது. இதை நான் இன்று முழுமனதாக நம்புகிறேன். நம்பாதவர்கள் பாம்பனைப் பார்க்கலாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் அது. நாலு புறமும் உப்புக் காற்று. இரும்பு நிற்பதற்கு அதைவிட மோசமான இடம் நாட்டில் வேறு ஏது? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு சேர்ந்து பாலத்தின் கர்டர்களும் போயின; இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி நிறுத்தினார்கள். அதன்பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல், 2022 டிசம்பர்வரை, ரயிலைச் சுமந்தது. 108 ஆண்டுகள் அது நின்றதற்குக் காரணம் இரும்பின் வைராக்கியமா? சுரண்டி, பெயிண்ட் அடித்து, கெட்டுப்போன தகட்டைக் கழற்றிப் புதுசு போட்டுக்கொண்டே இருந்த கேங் ஆட்கள். அவர்கள் ஒரு பத்து வருஷம் விட்டிருந்தால் அங்கேயும் நாங்கள் கேமராவோடு போய் நின்று ‘காலம்’ என்று எழுதியிருப்போம்.

கவனிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கப்பலைச் சொல்கிறேன். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிற்காமல் இழுபட்டு வந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் தரைதட்டியது. சென்னைக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் இழுத்துக் கொண்டுபோகும்வரை தினமும் திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்து கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுண்டல் விற்றது, பஜ்ஜி விற்றது. அந்தப் படங்களில் கப்பலின் பக்கவாட்டில் வழிந்திருந்த துருவும் விழுந்திருக்கும்.

படத்தில் விழாதது இது: மாலுமிகள் இறங்கித் தப்பப் பார்த்த உயிர்காப்புப் படகு கொந்தளிப்பில் கவிழ்ந்தது, ஆறு பேர் இறந்தார்கள். பலரைக் கரைசேர்த்தது மீனவர்கள். கப்பலில் எரிபொருளும் சாப்பாடும் குடிதண்ணீரும் தட்டுப்பாடாகவே இருந்தது என்று தப்பியவர்கள் சொன்னது அப்போது பத்திரிகைகளில் வந்தது. புயல் ஒரு நாள் வேலைதான் செய்தது. அதற்குமுன் பல வாரங்கள், துறைமுகத்துக்கு வெளியே, கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஒரு கப்பலும் அதன் ஆட்களும் கவனிப்பாரின்றி நின்றிருக்கிறார்கள். மெரினாவில் காற்று வாங்கப் போனவர்கள் இரவில் அதன் விளக்கைப் பார்த்துக் குழந்தைக்குக் காட்டியும் இருப்பார்கள். ஜிங்க் கட்டி கரைந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

இன்னொரு கப்பலின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிலைகொள்வதில்லை. ஃபாரா 3 என்ற ஜோர்தான் நாட்டுச் சரக்குக் கப்பல். 14,000 டன் அரிசியோடு போனது, 2006 டிசம்பரில் எஞ்சின் பழுதாகி இலங்கையின் முல்லைத்தீவுக் கடற்கரையில் வந்து மாட்டிக்கொண்டது. 25 மாலுமிகளும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். கப்பல் திரும்பவில்லை. 2009-ல் யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஒதுங்க இடமில்லாமல் மக்கள் அடைபட்ட முள்ளிவாய்க்கால் கரைக்குப் பக்கத்தில்தான் அது துருவேறி நின்றது. யுத்தம் முடிந்ததும் அது வேடிக்கை பார்க்கும் இடமாகிவிட்டது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். நீலக்கடல், செந்துரு, சாய்ந்த சூரியன். படமெடுக்கிறவளாகச் சொல்கிறேன், அவற்றில் சில மிக நல்ல படங்கள். வெளிச்சத்திலும் சட்டகத்திலும் குறை காண முடியாது. அந்தக் கரையில் செத்தவர்கள் யாரும் சட்டகத்துக்குள் இல்லை, கீழே எழுதிய வரியிலும் இல்லை. துருவை மட்டும் பார்க்கிறவனுக்கு அது யாருமே வாழாத ஏதோ ஒரு கரை. இங்கே நின்றது கவனிப்பு அல்ல, உயிர்கள். அதை ‘காலம்’ என்று சொல்வது மன்னிக்கக்கூடிய சோம்பல் இல்லை என்றே நினைக்கிறேன்.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாதா? எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கப்பல் உடைக்கும் கரைகளை உலகத்துக்குக் காட்டியதே படம் எடுத்தவர்கள்தான். செபாஸ்டியோ சல்காடோ 1993-ல் வெளியிட்ட உழைப்பாளிகள் பற்றிய புத்தகத்தில் வங்கதேசத்துக் கப்பல் உடைப்பு இருக்கிறது. எட்வர்ட் பர்டின்ஸ்கி 2000-ஐ ஒட்டி சிட்டகாங் போய்ப் பெரிய பெரிய வண்ணப்படங்களாக எடுத்தார். பர்டின்ஸ்கியின் படங்களில் துருவின் நிறம் கண்ணை நிறைக்கும். மனிதர்கள் தகட்டின் ஓரத்தில் பொடிப்பொடியாகத் தெரிவார்கள். சல்காடோவிடம் ஆள்தான் முதலில், கப்பல் அப்புறம். எனக்குச் சல்காடோ வழி பிடிக்கும். ஆனாலும் பர்டின்ஸ்கி படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறேன், இதையும் சொல்லிவிட வேண்டும். நிறத்துக்கு அப்படி ஒரு பலம். அந்தப் பலம் தெரிந்தவர்கள்தான் கீழே எழுதும் வரியில் கவனமாக இருக்க வேண்டும். குஜராத்தின் அலங்கில் 1983 முதல் கப்பல் உடைக்கிறார்கள். ஒரு கப்பல் கரையேறிய தேதி, அது எங்கே ஓடியது, அதை வெட்டியவர்கள் யார் என்ற மூன்றும் படத்தோடு போனால் துருவின் அழகு ஒரு இம்மியும் குறையப் போவதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில்வரை போகும் சாலையில் துருப்பிடித்த ஆலை ஒன்றையும் எளிதில் பார்க்க முடியாது. இங்கே எல்லாம் புதுசு. ஷெட்டின் தகடுகூடப் பூச்சு போட்டே வரும். ஒரு கம்பெனி போனால் இன்னொன்று வந்து போர்டை மாற்றி, பெயிண்ட் அடித்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வரி வழக்கில் சிக்கிக்கொண்டதால் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவிடம் வாங்கிய சொத்துகளில் அது சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதியோடு நின்றது. ஐந்து ஆண்டு கழித்து சால்காம்ப் என்ற நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இப்போது மறுபடி ஷிப்ட் பஸ் போய்வருகிறது. மறைமலை நகரில் ஃபோர்டின் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. வாசலில் நின்று படம் எடுத்தால் இரண்டு இடத்திலும் ஒரு சுத்தமான சுவர்தான் விழும்.

துரு இல்லாததால் அங்கே இழப்பு இல்லை என்று ஆகிவிடுமா? பதினெட்டு வயதில் லைனில் உட்கார்ந்து, கண்ணும் கழுத்தும் நோக நுணுக்க வேலை பார்த்து, தம்பி படிப்புக்கும் அக்கா கல்யாணத்துக்கும் பணம் அனுப்பிய பெண், இருபத்தாறில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் விசாரித்தால் அப்படி ஒருத்தி இல்லாத ஊர் குறைவு. அவளிடம் செம்மஞ்சளாக எதுவும் ஒழுகாது. படம் எடுப்பதற்கு ஒன்றும் கிடைக்காது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடம்புக்கு முடியாமல் போய், இந்தப் பக்கத்து ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான், அவர்கள் தங்கும் அறை எப்படி, தண்ணீர் எப்படி, கழிப்பறை எப்படி என்று வெளியே தெரிந்தது. அதற்கு முன்பும் அந்த விடுதிகளின் வெளிச்சுவர் பளிச்சென்றுதான் இருந்தது. இரும்பு தேவலை. தன்னைக் கைவிட்டார்கள் என்று அதற்கு ஊரறியச் சொல்லத் தெரிகிறது.

இந்தச் சிந்தனையை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் எனக்கு இன்னும் உறைக்கிறது. வாலாஜாபாத்தில் என் பெரியம்மா தறி நெய்தவர். கொஞ்சம் கொஞ்சமாக இழை கண்ணுக்குப் பிடிபடாமல் போக, தறியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, “வயசாயிடுச்சுல்ல.” அன்பாகத்தான் சொன்னார்கள். பெரியம்மாவும் அதையே சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஊருக்கு வந்த கண் முகாமில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புரை என்றார். ஆபரேஷன் ஆனது. பெரியம்மா மறுபடி பாவு நூலில் அறுந்த இழையைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுகிறார். வயசு அவருக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. ‘வயசு’ என்று சொன்னதும் எங்கள் வீட்டில் கேள்வி முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். நம் குடும்பங்களில் காது கேட்காதது, கால் வீங்குவது, பேச்சுக் குறைந்துபோவது என்று எத்தனையைத்தான் இந்த ஒரு வார்த்தையில் போட்டு மூடுகிறோம். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாமல் போனதற்குக்கூட “அவங்கவங்க குடும்பம்னு ஆயிடுச்சு” என்று காலத்தைத்தான் காரணம் காட்டுகிறோம். கடைசியாக யார் யாருக்குப் போன் செய்தது என்று கேட்பதில்லை.

எல்லாமே கவனிப்பால் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியம்மாவின் கண்ணைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது; அவருடைய முழங்காலுக்கு அது நடக்காது. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் துருவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2010-ல் அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார்கள். அங்கே போய் யாரும் ஜிங்க் கட்டி மாற்ற முடியாது, அந்த இரும்பைக் கடலுக்கு விட்டுவிட வேண்டியதுதான். விட்டுவிட வேண்டியது எது, நாம் விட்டது எது என்று பிரித்துப் பார்க்கத் துருவின் நிறம் உதவாது. கூடத்தில் மணிக்கணக்கு உதவுகிறது. வெளியே விசாரித்தால்தான் உண்டு.

நின்றுபோன கவனிப்பு மறுபடி தொடங்கும் இடமும் சென்னையில் ஒன்று இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் இரும்புப் பொருட்களைப் பார்த்திருப்பீர்கள். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரே அகழ்ந்து எடுத்தவை. வாளும் வேலும் கத்தியும் முழுக்கத் துருவேறிப் புடைத்திருக்கும். அந்த அருங்காட்சியகத்தில் 1930-ல் எஸ். பரமசிவன் தொடங்கிவைத்த வேதியியல் பாதுகாப்புக் கூடம் உண்டு. பழைய உலோகத்தைக் கையாள்கிறவர்கள் துருவைக் கண்டதும் சுரண்டிவிட மாட்டார்கள். உள்ளே இரும்பு தீர்ந்துபோய், வாளின் வடிவத்தைத் துருவே பிடித்துக்கொண்டிருக்கும். சில சமயம் பக்கத்தில் வைத்த துணியின் நெசவுகூடத் துருவில் பதிந்திருக்கும். சுரண்டினால் அதுவும் போச்சு. ஆகவே உப்பை வெளியேற்றி, ஈரம் அண்டாமல் அடைத்து, அரிப்பை அங்கேயே நிறுத்துவார்கள். எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில், எந்தத் தாழிக்குப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைப்பார்கள். சிவகளையில் கிடைத்த இரும்பை ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தையது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததே, அந்த முடிவுக்கு வர உதவியது இரும்பின் அழகல்ல. அது எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற குறிப்பு. குறிப்பில்லாமல் எடுத்திருந்தால் அது வெறும் துருக்கட்டி.

இப்போதெல்லாம் துருவோடு, துரு வராமல் பார்த்துக்கொள்கிறவர்களையும் படம் எடுக்கிறேன். இதில் ஒரு கஷ்டம் உண்டு. அவர்கள் வேலை ஒழுங்காக முடிந்தால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எங்கள் ஆலையில் ஷெட்டுக்கு வெளியே குழாய்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு மழைக்கு முன்னால் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். ஏணியில் நின்று, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, எமரி தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரை எடுக்கப் போனேன். முகமெல்லாம் செம்பொடி.

“மேடம், இப்ப எடுக்காதீங்க. முடிச்சிட்டு எடுங்க, நல்லா இருக்கும்.”

“நீங்க சுரண்டுறதுதான் எனக்கு வேணும்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப ரெட் ஆக்சைடு அடிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு எடுங்க மேடம். ரெண்டு கோட்டு அடிக்கிறோம். மேல கலர் ஏத்திட்டா ஒண்ணா ரெண்டான்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

ரெட் ஆக்சைடு பிரைமர் என்பதும் இரும்பு ஆக்சைடுதான். துருவுக்கு நிறம் கொடுக்கும் அதே இனம், அரைத்து எண்ணெயில் குழைத்தது. முதல் கோட்டு காய்ந்ததும் ஒரு படம், இரண்டாவது காய்ந்ததும் ஒரு படம், ஸ்கேலை வைத்து எடுத்தேன். தேதியும் எத்தனையாவது கோட்டு என்பதும் எழுதினேன். காண்ட்ராக்டர் பெயரை எழுதவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். தன் பெயரையும், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையனின் பெயரையும் எழுதச் சொன்னார். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.